ராத்திரி ரெண்டு கேப்சூல்... காலையில ஒன்றரை சென்டிமீட்டர்!

எங்கள் ஹாஸ்டல் ரூமுக்குள் வந்து கதவைச் சாத்திப் பார்த்தீர்கள் என்றால், யாரோ எல்.கே.ஜி. பையன் குடியிருக்கும் வீடு என்றுதான் நினைப்பீர்கள். கதவுக்குப் பின்னால் சுவரில் வரிசையாகப் பென்சில் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் தேதி. ஒரே ஒரு வித்தியாசம்... எல்.கே.ஜி. வீட்டில் கோடுகள் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். எங்கள் ரூமில் எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில், மெஸ்ஸில் தோசைக்கு நிற்கும் கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு நிற்கும்.

அது என் ரூம்மேட்டின் உயரம். 168 சென்டிமீட்டர்.

பையனுக்கு 21 வயசு. ‘பேரைப் போட்டே, மவனே ரூமை விட்டுத் துரத்திருவேன்’ என்று மிரட்டியிருப்பதால், இந்தக் கட்டுரை முழுக்க அவன் ‘மச்சான்’தான். மச்சானின் பெரியப்பா ஏட்டாக இருந்து ரிட்டயர்ட் ஆனவர். ஊரில் அவர்கள் வீட்டுக்கு இன்றைக்கும் ‘ஏட்டய்யா வீடு’ என்றுதான் பெயர். அதை ‘எஸ்.ஐ. வீடு’ என்று மாற்றிக் காட்டுவதுதான் மச்சானின் ஒரே லட்சியம். செமஸ்டர் புத்தகத்தைத் தொடவே மாட்டான். ஆனால், எஸ்.ஐ. தேர்வின் பழைய கேள்வித்தாளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். ஓட்டம், கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் எல்லாம் பக்கா. இடிக்கிற மேட்டர் ஒன்றே ஒன்றுதான். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் அவன் பிரிவு ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ.

ரெண்டே ரெண்டு சென்டிமீட்டர், பாஸ்! ஒரு விரல் அகலம். அந்த ஒரு விரலுக்காகத்தான் மச்சான் ரெண்டு வருஷமாகக் கம்பியில் தொங்கினான். ஸ்கிப்பிங் குதித்தான். கடைசியில் ஒருநாள் ராத்திரி, கையில் ஒரு கறுப்பு டப்பாவோடு வந்து நின்றான்.

டப்பா வந்த கதை

டப்பாவின் மேல் தங்கக் கலரில் ஒரு சிங்கம். ‘உடம்பின் இயற்கையான குரோத் ஹார்மோனைத் தூண்டும் இரவு ஃபார்முலா’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தூங்கப் போவதற்கு அரை மணி நேரம் முன், வெறும் வயிற்றில் ரெண்டு கேப்சூல். மொத்தம் 60 கேப்சூல். அதாவது, ஒரு மாசத்துக்கு வரும். விலை 2,400 ரூபாய். மெஸ் பில் கட்ட அப்பா அனுப்பிய பணம்!

“ஊசி இல்லடா, ஸ்டீராய்டு இல்லடா... நம்ம உடம்புல இருக்கறதையே கொஞ்சம் கூட்டி விடும். அவ்ளோதான். கடைக்காரர் அண்ணனே சொன்னாரு, ஆறு மாசம் போட்டா ரெண்டு இன்ச் கேரன்ட்டியாம்” என்றான் மச்சான்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருஷம். ஹார்மோனைப் பற்றி எனக்கு அன்றைக்குத் தெரிந்தது பிளஸ் டூ பயாலஜி மட்டும்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

நாலாவது நாள் காலை ஐந்தரை மணி. “டேய்... டேய்... எழுந்திருடா!” என்று உலுக்குகிறான். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால், சுவரில் புதுக் கோடு. பழைய கோட்டுக்கு மேலே! ஸ்கேல் வைத்து அளந்தோம். ஒன்றரை சென்டிமீட்டர்!

எட்டு மணிக்குள் விஷயம் விங் முழுக்கப் பரவிவிட்டது. பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஆளாளுக்கு வந்து கோட்டைத் தரிசித்துவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்குள் மூன்று பேர் அதே டப்பாவை வாங்கப் பணம் புரட்ட ஆரம்பித்தார்கள். அதில் ஒருவன் என்னிடமே 500 ரூபாய் கடன் கேட்டான்.

காலையில் ஒரு உயரம், ராத்திரி ஒரு உயரம்!

எனக்கு ஒரே ஒரு நெருடல். பழைய கோடுகள் எல்லாமே ராத்திரி படிக்க உட்காரும் முன் போட்டவை. புதுக் கோடு மட்டும் படுக்கையிலிருந்து எழுந்த உடனே போட்டது. லேபில் ஒரு ரீடிங்கைக் காலையிலும் இன்னொன்றை சாயங்காலமும் எடுத்து, கண்டிஷனை எழுதாமல் விட்டால் எங்கள் சார் ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிவார். இங்கேயும் அதே கேஸ்தானோ?

அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு என்னையே நான் அளந்தேன். மறுநாள் காலை எழுந்ததும் மறுபடி அளந்தேன். கேப்சூலைத் தொட்டுக்கூடப் பார்க்காத நானும் ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தேன்! அப்புறம் விங்கில் ஒன்பது பேரைப் பிடித்து நிற்க வைத்தோம். ஒன்பது பேருமே காலையில் உயரம், ராத்திரி குட்டை.

காரணம் ரொம்ப சிம்பிள். நம் முதுகெலும்பில் எலும்புகளுக்கு நடுவே 23 வட்டுகள் இருக்கின்றன. தண்ணீர் நிறைந்த குட்டி மெத்தைகள். பகல் முழுக்க நாம் நிற்க, நடக்க, பெஞ்சில் உட்கார, உடம்பின் எடையில் அந்த மெத்தைகள் அமுங்குகின்றன. ராத்திரி படுத்ததும் தண்ணீரை உறிஞ்சி மறுபடி உப்பிவிடுகின்றன. இதனால் ஒரு ஆளின் உயரம் ஒரே நாளில் சுமார் 1 சதவிகிதம் மாறும். எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்திலேயே கிட்டத்தட்ட பாதி இறங்கிவிடும். புவியீர்ப்பின் அமுக்கம் இல்லாத விண்வெளியில் வீரர்கள் 3 சதவிகிதம் வரை உயர்ந்துவிடுகிறார்கள். பூமிக்குத் திரும்பியதும் பழையபடி ஆகிவிடுகிறார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் மச்சான் முகம் சுருங்கிவிட்டது. “சரி, அது வேற. ஆனா ஹார்மோன் ஏறுறது உண்மைதானே? டப்பால ரிசர்ச்சுன்னு போட்டிருக்கே!” என்றான். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் ரெண்டு வாரம் லைப்ரரியிலும் கம்ப்யூட்டர் சென்டரிலும் குடியிருந்தேன்.

கவர்மென்ட் பஸ் மாதிரி ஒரு ஹார்மோன்

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. குரோத் ஹார்மோன் அங்கேதான் தயாராகிறது. 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதச் சங்கிலி. இது குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சீராக வராது. எங்கள் ஊர் பஸ் மாதிரி. ரொம்ப நேரம் ஒன்றுமே வராது, அப்புறம் திடீரென்று மொத்தமாக வந்து நிற்கும். எங்கள் டிபார்ட்மென்ட் பாஷையில் சொன்னால், பல்ஸ். வந்த வேகத்தில் ரத்தத்திலிருந்து போயும்விடும். சுமார் 20 நிமிஷத்தில் பாதியாகிவிடும்.

‘வா’ என்று பச்சைக்கொடி காட்ட ஒரு ஹார்மோன், ‘போதும்’ என்று சிவப்புக்கொடி காட்ட சொமாட்டோஸ்டாட்டின் என்று இன்னொரு ஹார்மோன், ரெண்டையும் மூளையின் ஹைப்போதலாமஸ் அனுப்புகிறது. குரோத் ஹார்மோன் கல்லீரலுக்குப் போனதும், அங்கே ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு சமாச்சாரம் உருவாகிறது. எலும்பையும் தசையையும் வளர்ப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அது ரத்தத்தில் அதிகமானால், ‘யப்பா, நிறுத்து’ என்று பிட்யூட்டரிக்கே தகவல் போகும். சுத்தமான நெகட்டிவ் ஃபீட்பேக்! கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்குக்கூடப் புரியும். இப்படிப்பட்ட சர்க்யூட்டில் வெளியிலிருந்து ஒரு சின்னத் தட்டு தட்டினால், அது தன்னையே சரிசெய்துகொண்டு பழைய நிலைக்குத்தான் வரும்.

சரி, அந்த மொத்த பஸ்ஸும் எப்போது வருகிறது? இதைத் தெளிவாகக் காட்டியது 1968-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆராய்ச்சி. டாக்டர்கள் தகாஹாஷி, கிப்னிஸ், டாஹடே மூவரும் எட்டுப் பேரைத் தூங்க வைத்து, ராத்திரி முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அன்றைய நாளின் பெரிய பல்ஸ், தூங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்தோடு சேர்ந்து வந்தது. தூக்கத்தைத் தள்ளிப்போட்டால் பல்ஸும் தள்ளிப்போனது. நடுவில் ரெண்டு, மூன்று மணி நேரம் எழுப்பி வைத்துவிட்டு மறுபடி தூங்க விட்டால், இன்னொரு பல்ஸ் வந்தது!

‘ராத்திரி பத்து மணியிலிருந்து ரெண்டு மணிக்குள்தான் குரோத் ஹார்மோன் சுரக்கும்’ என்று ஜிம்மில் ஒரு டயலாக் சுற்றுகிறதே... அது கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது. பிட்யூட்டரி முக்கியமாகப் பார்ப்பது கடிகாரத்தை அல்ல, தூக்கத்தை.

இப்போது டப்பாவில் எழுதியிருந்ததை மறுபடி படியுங்கள். ‘படுக்கும் முன் கேப்சூல். தூக்கத்தில் ஹார்மோன் பொங்கும்!’ பொங்கத்தான் செய்யும். நீங்கள் எதையும் முழுங்காமல் படுத்தாலும் அது பொங்கும். சூரியன் உதிக்கும் முன் கூவிவிட்டு, ‘நான்தான் உதிக்க வைத்தேன்’ என்று சேவல் சொல்வது மாதிரி!

கேப்சூலுக்குள்ளே என்னதான் இருக்கு?

மச்சானின் டப்பா லேபிளில் அர்ஜினின், லைசின், ஆர்னிதின், காபா என்று நாலு பெயர்கள். எது எவ்வளவு என்று தனித்தனியாகப் போடவில்லை. ‘எங்கள் பிரத்யேகக் கலவை’ என்று ரெண்டு கேப்சூலுக்கு மொத்தம் 1,500 மில்லிகிராம்.

இதில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. அர்ஜினின் நிஜமாகவே குரோத் ஹார்மோனைக் கூட்டும். ஒருவருக்கு இந்த ஹார்மோன் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்க டாக்டர்களே அர்ஜினினைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எப்படி? பெரியவர்களுக்கு 30 கிராம், நேராக ரத்தக்குழாயில், அரை மணி நேரத்தில் ஏற்றுவார்கள். நம் கேப்சூலில் இருப்பது நாலு பொருளும் சேர்த்தே ஒன்றரை கிராம். அதாவது, இருபதில் ஒரு பங்கு. அதுவும் வயிறு, குடல், கல்லீரல் என்று மூன்று டோல்கேட் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகவேண்டும்.

டப்பாவில் சொன்ன ‘ரிசர்ச்’சும் சும்மா இல்லை. 1981-ல் இத்தாலியில், 15 முதல் 20 வயதுக்குள் இருந்த 15 இளைஞர்களுக்கு அர்ஜினின் 1,200, லைசின் 1,200 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ஹார்மோன் ஏறியதாக இசிடோரி குழுவினர் எழுதினார்கள். அந்த ஒரே கட்டுரையைக் காட்டித்தான் இன்று வரைக்கும் பல டப்பாக்கள் விற்கின்றன. அதற்கப்புறம் நடந்ததை டப்பாக்காரர்கள் சொல்வதில்லை. 1993-ல் ஃபின்லாந்தில் எடை தூக்கும் வீரர்களுக்கு அர்ஜினின், ஆர்னிதின், லைசின் மூன்றும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்றம் இல்லை. அதே வருஷம் தென்னாப்பிரிக்காவில் பாடி பில்டர்களுக்குக் கடையில் விற்கும் சரக்கையே கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் ஏற்றம் இல்லை.

வாய்வழியாக 5 முதல் 9 கிராம் வரை அர்ஜினின் சாப்பிட்டால், சும்மா இருக்கும்போது ஹார்மோன் கொஞ்சம் ஏறுகிறது என்று 2008-ல் வந்த ஒரு தொகுப்புக் கட்டுரை சொல்கிறது. 13 கிராம் போனால் வயிறு கலக்கிவிடும். இதில் செம காமெடி என்னவென்றால், அர்ஜினின் சுமார் 100 சதவிகிதம் ஏற்றுகிறது என்றால், ஒழுங்கான உடற்பயிற்சி 300 முதல் 500 சதவிகிதம் ஏற்றுகிறது. ரெண்டையும் சேர்த்தால் இன்னும் எகிறவேண்டும்தானே? இல்லை... பயிற்சி மட்டும் செய்தபோது வந்ததைவிடக் குறைந்துவிடுகிறது!

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். 100 கிராம் வேர்க்கடலையில் அர்ஜினின் சுமார் 3 கிராம். ஆக, ஒரு கைப்பிடி, 50 கிராம் கடலையில் ஒன்றரை கிராம். மச்சான் 80 ரூபாய் கொடுத்து தினம் முழுங்கும் ரெண்டு கேப்சூலும், பஸ் ஸ்டாண்டில் விற்கும் ஒரு பொட்டலம் கடலையும் எடைக்கு எடை சமம்! அதற்காகக் கடலை தின்றால் உயரம் கூடும் என்று கிளம்பிவிடாதீர்கள் மக்களே. கடலை போட்டாலும்தான்.

சரி, ஹார்மோன் கொஞ்ச நேரம் ஏறினால் தசையாவது வளருமா? கனடாவின் மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டியில் சூப்பராக ஒரு சோதனை செய்தார்கள். 12 இளைஞர்கள், 15 வாரம். ஒரு கைக்கு வெறும் பயிற்சி. இன்னொரு கைக்குப் பயிற்சி முடிந்ததும் கால்களுக்குக் கடும் பயிற்சி கொடுத்து, குரோத் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரான் எல்லாவற்றையும் எகிற வைத்தார்கள். ஒரே ஆள், ரெண்டு கை. கடைசியில் அளந்தால் ரெண்டு கையும் ஒரே மாதிரிதான் வளர்ந்திருந்தது. ஆக, அரை மணி நேர ஏற்றம் தசைக்குக்கூட எந்த லாபமும் கொடுக்கவில்லை.

ஊசியின் பெயரில் மாத்திரை வியாபாரம்

இந்த மோகம் எங்கே ஆரம்பித்தது? 1990-ல் டேனியல் ரட்மன் என்ற அமெரிக்க டாக்டர், 60 வயதைத் தாண்டிய 12 ஆண்களுக்கு ஆறு மாசம் குரோத் ஹார்மோன் ஊசி போட்டார். அவர்கள் உடலின் கொழுப்பில்லாத எடை 8.8 சதவிகிதம் கூடியது. கொழுப்பு 14.4 சதவிகிதம் குறைந்தது. ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த அந்தக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு, இளமைக்கு மருந்து கண்டுபிடித்தாச்சு என்று ஆளாளுக்குக் கடை விரித்தார்கள். ஊசியில் நடந்த ஆராய்ச்சியைக் காட்டி மாத்திரையும் நாக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் விற்றார்கள். பொறுக்க முடியாமல் 2003-ல் அந்த ஜர்னலே, ‘எங்கள் கட்டுரையை விளம்பரத்துக்குத் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள்’ என்று தலையங்கம் எழுதியது!

குரோத் ஹார்மோன் ஒரு புரதம் என்று சொன்னேன் அல்லவா? வாய்வழியாக முழுங்கினால், மத்தியானம் சாப்பிட்ட முட்டை மாதிரிதான். வயிறு அதை வெட்டிச் செரித்துவிடும். அதனால்தான் டாக்டர்கள் அதை ஊசியாகப் போடுகிறார்கள்.

அந்த ஊசியைப் பற்றியும் 2007-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஆரோக்கியமான முதியவர்களுக்குப் போட்டால் கொழுப்பில்லாத எடை சுமார் 2 கிலோ கூடுகிறது. கூடவே கைகால் வீக்கம், மூட்டுவலி, மணிக்கட்டில் நரம்பு அழுத்தம் எல்லாம் இலவச இணைப்பு. 2008-ல் விளையாட்டு வீரர்களை வைத்துப் பார்த்தபோது, எடை கூடியதே தவிர பலம் கூடியதாகத் தெரியவில்லை.

படுக்கும் முன் போடும் இன்னொரு பிரபல அயிட்டம், துத்தநாகம், மக்னீசியம், பி6 மூன்றும் கலந்த இசட்.எம்.ஏ. 2000-ல் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் இதைச் சோதித்து, டெஸ்டோஸ்டிரானும் ஐ.ஜி.எஃப்.-1-ம் ஏறியதாக ஒரு கட்டுரை வந்தது. எழுதிய இருவரில் ஒருவர் விக்டர் கான்ட்டே. யார் அவர்? அந்தக் கலவையையே விற்றவர்! பிறகு உலகையே உலுக்கிய ‘பால்கோ’ ஊக்கமருந்து வழக்கில் 2005-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நாலு மாசம் சிறைக்குப் போனவரும் அவரேதான். வேறு ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் 42 பேரை வைத்து எட்டு வாரம் சோதித்தபோது, ஹார்மோனும் ஏறவில்லை, பலமும் ஏறவில்லை. துத்தநாகம் நிஜமாகவே குறைவாக இருப்பவருக்கு அது தேவை. மற்றவர்கள் மாசக்கணக்கில் அளவுக்கு மீறி எடுத்தால், உடம்பில் தாமிரச் சத்து குறைந்துவிடும்.

அடுத்த ஆஃபர்

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு ரூமுக்குப் போனால், மச்சான் அங்கே இல்லை. டப்பாவில் இன்னும் பத்து கேப்சூல்தான் பாக்கி. சுவரில் கோடு அதே இடம். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தவன் மெதுவாகச் சொன்னான்... “அந்த அண்ணன்கிட்ட கேட்டேன்டா. கேப்சூல் உனக்கு செட் ஆகலைன்னா வேற ஒண்ணு இருக்காம். இம்போர்ட்டட். எம்.கே.-677. அதுவும் வேலை செய்யலைன்னா ஊசியே வாங்கித் தர்றாராம். பன்னெண்டாயிரம். பைக்கை வித்துரலாமான்னு பாக்கறேன்.”

எனக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. கேப்சூல் வேலை செய்யாதது ஒருவகையில் அவன் அதிர்ஷ்டம். பணம்தான் போனது. ஆனால் எம்.கே.-677 அப்படி இல்லை. பசி ஹார்மோனான கிரெலின் மாதிரி நடித்து, குரோத் ஹார்மோனை நிஜமாகவே ஏற்றும். கூடவே ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும், உடம்பில் நீர் சேரும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம் நடந்த ஒரு சோதனையை, இதயம் செயலிழக்கும் ஆபத்து தெரிந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். விளையாட்டு வீரர்களுக்கு அதுவும் சரி, ஊசியும் சரி, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. பெரியவர்களின் உடம்பில் இந்த ஹார்மோன் வருஷக்கணக்கில் எகிறியே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நோயே இருக்கிறது. அக்ரோமெகலி. கை, கால், தாடை, மூக்கு எல்லாம் பெரிதாகும். இதயமும் வீங்கும். உயரம் மட்டும் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறாது.

“ஏன்டா ஏறாது? அதுதானே குரோத் ஹார்மோன்?” என்றான் மச்சான்.

எக்ஸ்ரேயில் இல்லாத கோடு

நான் சொன்னால் நம்பமாட்டான் என்று தெரியும். மறுநாள் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு இழுத்துக்கொண்டு போனேன். மூன்று மணி நேரம் க்யூ. டாக்டர் மேடம் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்.

படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பக்கத்தில் ஒரு சின்னப் பையனின் படத்தையும் மாட்டினார். சின்னப் பையனின் எலும்பு முனையில் ஒரு கறுப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அதுதான் வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பு. கைகால் எலும்புகள் நீளுவது அங்கேதான். பருவ வயது முடியும்போது அந்தத் தட்டு எலும்பாகவே மாறி மூடிக்கொள்ளும். பெண்களுக்குச் சீக்கிரம், ஆண்களுக்குக் கொஞ்சம் தாமதம். மச்சானின் படத்தில் அந்தக் கோடு இல்லை. ஒரே வெள்ளை.

“தம்பி, இது மூடி சில வருஷம் ஆயிருக்கும். இனிமே எந்த ஹார்மோன் போட்டாலும் எலும்பு நீளாது. உங்ககிட்ட குறை ஒண்ணும் இல்ல. உங்க உயரம் இதுதான்” என்றார். வெளியே வரும்போது இன்னொன்றும் சொன்னார். வீட்டில் தம்பி, தங்கச்சி யாராவது வயசுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் இருந்தால், காத்திருக்காமல் சின்ன வயசிலேயே கூட்டிவர வேண்டுமாம். தட்டு திறந்திருக்கும்போது, நிஜமாகவே ஹார்மோன் குறைபாடு உள்ள குழந்தைக்கு அதே ஊசி வாழ்க்கையையே மாற்றும். அதை முடிவு செய்யவேண்டியது டாக்டர், டப்பா விற்கிற அண்ணன் இல்லை.

பஸ்ஸில் வரும்போது மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

படுக்கும் முன் இதைப் படிங்க!

* தூக்கம்தான் ஒரிஜினல் பூஸ்டர். நம் வயசில் 7 முதல் 9 மணி நேரம். 149 ஆண்களை வைத்து 2000-ல் வந்த ஓர் ஆய்வில், 16 - 25 வயதில் தூக்கத்தில் சுமார் 19 சதவிகிதமாக இருந்த ஆழ்ந்த உறக்கம், 36 - 50 வயதில் 3.4 சதவிகிதமாகிவிட்டது. குரோத் ஹார்மோனும் கூடவே சரிந்தது. அந்தத் தூக்கம் இப்போது நமக்கு இலவசமாக, நிறையக் கிடைக்கிறது. அதை மொபைலுக்குத் தாரை வார்க்காதீர்கள்.

* ஒரு வாரம் தினமும் 5 மணி நேரம் மட்டும் தூங்கிய பத்து இளைஞர்களுக்குப் பகல்நேர டெஸ்டோஸ்டிரான் 10 முதல் 15 சதவிகிதம் குறைந்தது என்கிறது 2011-ல் வந்த ஆய்வு. நைட் அவுட் அடித்துவிட்டுக் காலையில் பூஸ்டர் முழுங்கும் புண்ணியவான்கள் கவனிக்க.

* தூங்கும் முன் எடுப்பதில் கொஞ்சம் ஆதாரம் உள்ள ஒரே சமாச்சாரம், பாலில் இருக்கும் கேசின் புரதம். சாயங்காலம் பயிற்சி செய்தவர்களுக்கு 40 கிராம் கொடுத்தபோது, ராத்திரியில் தசை உருவாகும் வேகம் கூடியது (2012). இதற்கும் குரோத் ஹார்மோனுக்கும் சம்பந்தமில்லை. முட்டை, பயறு, பால் என்று நாள் முழுக்கப் புரதம் சரியாகப் போனாலே பெரும்பாலான வேலை முடிந்தது.

* எந்த டப்பா வாங்கினாலும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எண் இருக்கிறதா பாருங்கள். அது இருந்தாலும், உள்ளே இருப்பது உயரம் கூட்டும் என்று அர்த்தம் இல்லை. 2024-ல் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்தபோது, சுமார் 70 சதவிகிதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை.

* உயரம் அளப்பதாக இருந்தால், தினமும் ஒரே நேரத்தில் அளக்கவும். இல்லையென்றால் எங்கள் விங் மாதிரி எட்டு மணிக்குள் ஊர்வலம் நடத்த வேண்டிவரும்.

கடைசிக் கோடு

அன்றைக்கு ராத்திரி லைட்டை அணைத்த பிறகு, இருட்டிலிருந்து மச்சானின் குரல் மட்டும் வந்தது. “அப்போ அவ்ளோதானாடா?”

என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஹார்மோனைப் பற்றி ரெண்டு வாரம் தேடிய நான், அவன் வேலையைப் பற்றி ஒரு மணி நேரம்கூடத் தேடவில்லையே என்று உறைத்தது. எழுந்து உட்கார்ந்து, போலீஸ் வேலைகளுக்கான உயர விதிகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு இடத்தில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி படித்தேன். அப்புறம் லைட்டைப் போட்டேன்.

“மச்சான், ஐ.பி.எஸ்.ஸுக்கு ஆம்பளைங்களுக்கு எவ்ளோ உயரம் வேணும் தெரியுமா?”

“அதுக்கு இன்னும் ஜாஸ்தியா இருக்கும்டா.”

“165.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “விளையாடாதடா” என்றான். காட்டினேன். படித்தான். மறுபடி படித்தான். ஒரு மாசத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். “டேய்... அப்போ எனக்கு ரெண்டு சென்டிமீட்டர் கம்மி இல்லடா. மூணு சென்டிமீட்டர் ஜாஸ்தி!”

சிவில் சர்வீஸ் தேர்வு எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அது படித்தால் ஏறுகிற உயரம். மறுநாள் காலை நான் எழுந்தபோது, மிச்சமிருந்த பத்து கேப்சூலும் குப்பைத் தொட்டியில் கிடந்தன. கறுப்பு டப்பா பேனா ஸ்டாண்டாகியிருந்தது. சுவரில் ஒரு புதுக் கோடு, பக்கத்தில் 165 என்று எழுதி. முதன்முறையாக, எங்கள் ரூமில் ஒரு கோடு மச்சானின் தலைக்குக் கீழே இருக்கிறது.

மெஸ் பில் பாக்கி 2,400 ரூபாயை மட்டும் இன்னும் கட்டவில்லை. இந்தக் கட்டுரைக்குச் சன்மானம் வந்தால் பார்க்கலாம்!